நம் தொழில்களும் நுண்ணோக்கியும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



திருவிதாங்கூர் மன்னர் ஆட்சிக் காலத்தில், தேங்காய் மட்டையை அழுகவைத்து, அடித்து, நார் எடுத்துத் திரித்த கயிறு கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்று வந்தது. அந்தக் கயிற்றோடு நம் கடற்கரை மணலும் சிறிது ஒட்டிக்கொண்டு போயிற்று. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், அந்த மணலில் மோனசைட்டு என்னும் தாது கலந்திருப்பதைக் கண்டறிந்தார். மோனசைட்டிலிருந்து தோரியம் கிடைக்கும். அக்காலத்தில் காஸ் விளக்குகளுக்குரிய வலையை, அதாவது நாம் பெட்ரோமாக்ஸ் 'மாண்டில்' என்று சொல்வதை, தோரியத்தைக் கொண்டுதான் செய்தார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பர்க் கைது செய்யப்பட்டார். ஆலை ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. சுதந்திரத்துக்குப் பின் 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது. 1965-இல் மணவாளக்குறிச்சித் தொழிலும் அதன் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

கயிற்றை உதறும்போது நாம் தட்டிவிட்ட மணல் அது. அதை உற்று நோக்கியவர் எங்கோ இருந்தார். இந்தச் செய்தியை முதலில் கூறியதற்குக் காரணம் உண்டு. இன்று நமக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு, நுண்ணோக்கிகளின் வகைகளும் அவை தொழில்களில் பயன்படும் விதமும் என்பதாகும். "நுண்ணோக்கி பள்ளிக்கூடத்துச் சாமான் அல்லவா, ஊராட்சிக் கூட்டத்தில் அதற்கென்ன வேலை?" என்று சில அன்பர்கள் காலையில் நம்மிடம் கேட்டார்கள். நெல், தென்னை, ரப்பர், தேன், மணல், காற்றாலை என்று நம் மாவட்டத்தில் நடக்கும் தொழில்களில் ஏதேனும் ஒருவகை நுண்ணோக்கியின் உதவியை நாடாதது ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உதவி உரிய நேரத்தில் நம் வயலுக்கும் தோப்புக்கும் வந்து சேர்வதில்லை. அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். நல்ல கண் உடையவர் 100 மைக்ரான் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காண்பார். அதற்குக் குறைந்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கடற்கரை மணலின் பருக்கை 100 முதல் 300 மைக்ரான் வரை இருக்கும். பூவின் மகரந்தத் தூள் 20 முதல் 60 மைக்ரான். பாக்டீரியா ஓரிரு மைக்ரான். வைரஸோ மைக்ரானில் நூற்றில் சில பங்கே. இந்த ஏணியில் எந்தப் படியில் இருக்கும் பொருளைக் காண வேண்டும் என்பதைப் பொறுத்தே எந்தக் கருவி வேண்டும் என்பதும் தீர்மானமாகிறது.

கீழ்ப்படியில் இருப்பது கைக்கண்ணாடி. பூதக்கண்ணாடி என்று நம் பெரியோர் அழைத்தார்கள். வடசேரியில் கோயில் நகை செய்யும் பொற்கொல்லர் கல் பதிக்கும்போது கண்ணில் வைத்துப் பார்ப்பது பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி. துணி வாங்கும் வியாபாரி, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதும் இத்தகைய கண்ணாடியால்தான். நுண்ணோக்கியின் வரலாறே ஒரு துணி வியாபாரியின் வரலாறுதான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் லீவன்ஹுக் என்பவர் ஜவுளிக் கடை வைத்திருந்தார். நூல் எண்ணும் கண்ணாடியில் அவருக்கு ஆர்வம் பிறந்தது. கல்லூரிப் படிப்பு இல்லாத அவர், தாமே சிறு கண்ணாடி மணிகளைத் தேய்த்து இருநூறு மடங்குக்கும் மேலாகப் பெரிதாக்கும் கருவிகளைச் செய்துகொண்டார். குளத்து நீரிலும் மிளகு ஊறிய நீரிலும் உயிர்கள் நீந்துவதைக் கண்டு, 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மிளகுக்குக் காரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் அதை ஊறவைத்தாராம். அக்காலத்தில் ஹாலந்து வணிகர்கள் நம் மேலைக் கடற்கரையிலிருந்தும் மிளகு ஏற்றிச் சென்றார்கள்.

இரு கண்ணாலும் பார்க்கும் இரட்டை நோக்கி அடுத்த படி. பத்து முதல் ஐம்பது மடங்கு வரை பெரிதாக்கும். பொருள் மேடு பள்ளத்தோடு தெரியும். விதைப் பரிசோதனைக் கூடத்தில் களை விதையைப் பிரிக்கவும், பூச்சியை இனம் காணவும், வானொலி, கைப்பேசிகளின் உள்பாகத்தில் பற்றவைப்புச் சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதிக்கவும் இது உதவுகிறது. கையாள்வதும் எளிது.

இனிப் பள்ளிகளில் உள்ள கூட்டு நுண்ணோக்கிக்கு வருவோம். இரண்டு கண்ணாடித் தொகுதிகள் மேலும் கீழுமாக அமைந்து, நானூறு மடங்கு, எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்த்தால் ஆயிரம் மடங்கு வரை பெரிதாக்கும் கருவி இது. இதைப் பற்றி நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கன்னிப்பூப் பருவத்தில், தோவாளைப் பக்கம் ஓர் ஏலாவில் நெற்பயிரின் இலைகள் நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து வைக்கோல் நிறமாயின. விவசாயி ஒருவர், மருந்து விற்கும் இடத்தில் சொன்னதைக் கேட்டுக் குலைநோய்க்குரிய பூஞ்சணக் கொல்லியை இரண்டு முறை தெளித்தார். பயன் இல்லை. பயிர் வெளிறுகிறதே என்று யூரியாவும் போட்டார். நோய் இன்னும் விரைவாகப் பரவிற்று. நாம் வேறு வேலையாக அவ்வழியே சென்றபோது, உடன் வந்த வேளாண்மை உதவி அலுவலர் அந்த இலையை எடுத்துக்கொண்டு அருகிலிருந்த மேல்நிலைப் பள்ளிக்கு நடந்தார். நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் சேரும் இடத்தில் சிறு துண்டு வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, மேலே மெல்லிய வில்லையால் மூடி, நுண்ணோக்கியில் பொருத்தினார். ஒரு நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து புகை போல ஒன்று கிளம்பி நீரில் பரவியது. தெளிந்த நீரில் கஞ்சி கலப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அப்படி இருந்தது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இலைக் குழாயிலிருந்து வெளியேறும் காட்சி அது. நோய் குலைநோயன்று, பாக்டீரியா இலைக்கருகல். பூஞ்சணக் கொல்லி அதை ஒன்றும் செய்யாது. தழைச்சத்து மிகுந்தால் அது கொழுக்கும். யூரியாவை நிறுத்துவதும், வயல் நீரை வடிப்பதும், நோய் கண்ட வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் தடுப்பதுமே உடனே செய்ய வேண்டியவை.

அந்த விவசாயி தாமும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பார்த்துச் சொல்ல ஆளில்லை சார், அதனால் கேட்டதை அடித்தேன்" என்றார். மருந்துக்கும் யூரியாவுக்கும் அவர் செலவிட்ட பணம் அந்தப் போகத்து ஆதாயத்தை விழுங்கிவிட்டது. பள்ளிக்கும் வயலுக்கும் நடந்தால் பத்து நிமிடம்.

குலைநோயாக இருந்திருந்தால் வேறு காட்சி தெரிந்திருக்கும். நோய்ப் புள்ளி உள்ள இலையை ஈரக் காகிதத்தில் ஓர் இரவு வைத்துச் சுரண்டிப் பார்த்தால், பேரிக்காய் வடிவில், குறுக்கே இரண்டு தடுப்புகள் உள்ள வித்துக்கள் தென்படும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

அடுத்து மணலுக்கு வருவோம். குருந்தன்கோடு வட்டாரத்து உறுப்பினர்கள் இங்கே அதிகமாக வந்திருக்கிறார்கள். கருமணலைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் கருமணல் ஒரே பொருளன்று. இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு, சில்லிமனைட்டு, மோனசைட்டு ஆகிய தாதுக்கள் சாதாரண வெண்மணலோடு கலந்திருக்கின்றன. இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத்தின் தாதுக்கள். நம் வீட்டுச் சுவரில் பூசும் வெள்ளைப் பெயிண்டின் வெண்மை டைட்டானியத்தால் வருவது. சிர்க்கான் மட்பாண்ட ஓடுகளுக்கும் வார்ப்படத் தொழிலுக்கும் போகிறது. கார்னெட்டு தேய்ப்புத் தாளுக்கு உதவுகிறது. ஆலையில் இவற்றைப் பிரிப்பது எடை, காந்தம், மின்சாரம் ஆகிய மூன்றின் உதவியால். கனமானது ஓடும் நீரில் தங்கும். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத சிர்க்கான் மறுபக்கமும் விழும்.

பிரித்த குவியலில் எவ்வளவு கலப்பு எஞ்சியிருக்கிறது என்று எப்படி அறிவது? வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார். இதற்குத் தளவிளைவு நுண்ணோக்கி என்று ஒன்று உண்டு. சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிர்கிறது. அதை ஒரு தகட்டின் வழியே செலுத்தினால் ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக வடிகட்டப்படும். பொருளுக்குக் கீழே ஒரு தகடும், மேலே அதற்குக் குறுக்காக இன்னொரு தகடும் வைத்தால் எல்லாம் இருண்டுவிடும். அந்த இருட்டில் சில தாதுக்கள் மட்டும் ஒளியைத் திருப்பி விட்டு நிறம் காட்டும். சிர்க்கான் பருக்கை மத்தாப்பு நிறங்களில் மின்னும். கார்னெட்டோ, சாதாரண ஒளியில் இளஞ்சிவப்பாக அழகாக இருந்தது, இங்கே முற்றும் இருண்டு போகும். இல்மனைட்டு ஒளியையே விடாது. எப்படிப் பார்த்தாலும் கருப்புத்தான். மோனசைட்டு தேன் நிறத்தில் உருண்டையாகத் தெரியும். இவ்வாறு இனம் கண்டு, சில நூறு பருக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணி, நூற்றுக்கு எத்தனை எது என்று கணக்கிடுவார்கள். 1828-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நிக்கல் என்பவர் ஒருவகைப் படிகத்தை வெட்டி ஒட்டிச் செய்த கருவியே இதற்கு வழி திறந்தது. இன்று படிகம் தேவையில்லை. வெயில் கண்ணாடியில் வரும் போலராய்டுத் தகடு இரண்டு துண்டு இருந்தால் பள்ளி நுண்ணோக்கியிலேயே இந்த வேடிக்கையைக் காட்டலாம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். கடற்கரை ஊர்களில் மக்களுக்குக் கதிரியக்கத்தைப் பற்றிய கவலை இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அந்தக் கேள்வி இயற்கையானதே. ஆனால் எந்த நுண்ணோக்கியும் கதிரியக்கத்தைக் காட்டாது. அதை அளக்கும் கருவி வேறு, அதைச் சொல்ல வேண்டிய துறையும் வேறு. ஒரு கருவியிடம் அதன் வேலைக்கு அப்பாற்பட்ட கேள்வியைக் கேட்டால், வராத பதிலையே பதிலாக எடுத்துக்கொள்ள நேரும்.

உலோகத்தைப் பார்ப்பதற்கும் தனி வகை உண்டு. உலோகத்தினூடே ஒளி செல்லாது. ஆகையால் அதை மெருகிட்டு, அமிலம் தடவி, மேலிருந்து ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டில் 1860-களில் சோர்பி என்பவர் இம்முறையைத் தொடங்கினார். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாலைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அவற்றின் பற்சக்கரப் பெட்டியில் உள்ள எண்ணெயில் சிறிது எடுத்து, அதில் மிதக்கும் உலோகத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தே, எந்தச் சக்கரம் தேய்கிறது என்று சொல்லிவிடும் முறை தொழில் உலகில் வழக்கத்தில் உள்ளது. துகளின் வடிவமே தேய்மானத்தின் வகையைக் காட்டும். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்ப்பதைப் போன்றதே இதுவும்.

தேனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் கிராமச் சீரமைப்பு நிலையம் நடத்தி, மரப்பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையைப் பரப்பினார். நம்முடைய வட்டார வளர்ச்சித் திட்டங்களுக்கெல்லாம் முன்னோடி என்று அந்த நிலையத்தைக் கூறலாம். அன்று வேரூன்றிய தொழில் இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கைத்தொழிலாக இருக்கிறது.

தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்பதை அதில் உள்ள மகரந்தத் தூளைக் கூட்டு நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லலாம். ஒவ்வொரு செடியின் மகரந்தத்துக்கும் தனி முகம் உண்டு. ஒன்று முள்ளுருண்டை, ஒன்று முக்கோணம், ஒன்று வரியிட்ட நெல்மணி. ஆனால் நம் மாவட்டத் தேனில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத்திலிருந்து வருகிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் காலத்தில், பூவில் அல்லாமல், தளிர் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் வடிகிறது. தேனீ அதைத்தான் எடுக்கிறது. ஆகவே நல்ல ரப்பர்த் தேனில் ரப்பர் மகரந்தம் மிகக் குறைவாகவே இருக்கும். இதை அறியாதவர் மகரந்தக் கணக்கை மட்டும் வைத்து, சர்க்கரைப் பாகு கலந்த தேன் என்று பழி சொல்லக்கூடும். தேன் விற்பவர்கள் இந்த விவரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவின் தேனீ வளர்ப்பில் பெருஞ்சேதம் நேர்ந்தது. கூட்டில் புழுக்கள் முதுகை நீட்டிக்கொண்டு, தோல் பை போலாகி, உள்ளே நீர் கோத்துச் செத்தன. பெட்டி பெட்டியாக இந்தியத் தேனீக் கூட்டங்கள் மறைந்தன. மார்த்தாண்டம் பகுதியில் அக்காலத்தை நேரில் கண்ட பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காலிப் பெட்டிகளை அடுப்பெரித்தோம் என்று ஒருவர் நம்மிடம் சொன்னதுண்டு. தேனீப் புழுக்களுக்குப் பாக்டீரியாவால் வரும் அழுகல் நோயும் உண்டு. அந்தப் பாக்டீரியாவைக் கூட்டு நுண்ணோக்கியில் காணலாம். இந்த நோயுற்ற புழுவை அதே கருவியில் பார்த்தால் அத்தகைய கிருமி ஒன்றும் தெரியாது. ஏனெனில் இது தாய் சாக்புரூட் என்னும் வைரஸால் வந்தது. அந்த வைரஸின் அளவு ஒரு மைக்ரானில் நூற்றில் மூன்று பங்கு.

ஏன் தெரியாது? கண்ணாடியை இன்னும் பெரிதாகச் செய்தால் தெரியாதா? தெரியாது. கடலோரத்து அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய கண்ணுள்ள வலையில் நெத்திலி தங்குமா? ஒளி என்பது அலை. அந்த அலையின் நீளமே வலையின் கண். ஏறத்தாழ மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்த பொருள் அந்த வலையில் சிக்காது. ஜெர்மனியில் அப்பே என்னும் அறிஞர் 1873-இல் இந்த எல்லையைக் கணக்கிட்டுச் சொன்னார். சிறிய கண்ணுள்ள வலை வேண்டுமானால் ஒளியை விட்டு எலக்ட்ரானுக்குப் போக வேண்டும். 1931-இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தார்கள். வெகுகாலம் கழித்து 1986-இல் ருஸ்காவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதில் கண்ணாடிக்குப் பதில் காந்தச் சுருள்கள். உள்ளே காற்றே இருக்கக் கூடாது. ஆகையால் உயிருள்ள பொருளை அப்படியே பார்க்க முடியாது. பதப்படுத்தி, மிக மெல்லியதாகச் சீவி வைக்க வேண்டும். மேற்பரப்பை மட்டும் தடவிப் படம் எடுக்கும் வகை 1965 முதல் விற்பனைக்கு வந்தது. உடைந்த இரும்பின் முகம், நாரின் மேல்தோல், கைப்பேசிச் சில்லின் கம்பிகள் எல்லாம் அதில் மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரியும். டயர் செய்யும் தொழிலில் ரப்பருக்குள் கரித்தூள் சீராகப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால்தான். இதன் விலை மிகப் பெரிது. பல்கலைக்கழகங்களும் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுமே வைத்துக்கொள்ளத் தக்கது.

தென்னையின் வேர்வாடல் நோயும் இத்தகையதே. கேரளத்தில் 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் ஈராற்றுப்பேட்டை, காயங்குளம் பக்கங்களில் இது பரவியதாகக் குறிப்புகள் உள்ளன. எல்லையை அடுத்த நம் தோப்புகளும் தப்பவில்லை. ஓலை துவண்டு விலா எலும்பு போல் வளையும்; மஞ்சளாகும்; காய்ப்புக் குறையும்; மரம் சாகவும் சாகாது. ஒரு நூற்றாண்டுக் காலம் இதற்குக் காரணம் தேடினார்கள். மண்ணில் சத்துக் குறைவு என்றார்கள், பூஞ்சணம் என்றார்கள், பாக்டீரியா என்றார்கள், நூற்புழு என்றார்கள். கவனியுங்கள், அப்படிச் சொன்னவர்கள் கண்ணால் காணாததைச் சொல்லவில்லை. நோயுற்ற மரத்தின் ஓலையைக் கூட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சணம் தெரியத்தான் செய்யும். அது இலையழுகல் நோயின் பூஞ்சணம். நலிந்த மரத்தில் பின்னால் வந்து குடியேறியது. அதற்கு மருந்து தெளித்தால் அழுகல் குறையும், வாடல் நிற்காது. 1967-இல் ஜப்பானிய அறிஞர்கள் மல்பெரிச் செடியின் குட்டை நோயில், பாக்டீரியாவைவிட நுண்ணிய, சுவர் இல்லாத ஒருவகை உயிரை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டார்கள். அந்த வழியைப் பின்பற்றி 1980-களில் நம் நாட்டு விஞ்ஞானிகள் வேர்வாடல் கண்ட தென்னையின் சாறு ஓடும் குழாய்களிலும் அதே இனத்தைக் கண்டார்கள். இப்போது அதைப் பைட்டோபிளாஸ்மா என்கிறார்கள். சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றன.

காரணம் தெரிந்ததால் மரம் பிழைத்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை, தோப்பில் கொடுத்து முழுவதும் குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால் எதைச் செய்ய வேண்டாம் என்று தெரிந்தது. மிகவும் நலிந்து, ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாகக் காய்க்கும் மரத்தை வெட்டி விலக்கவும், மற்றதற்கு உரமிட்டுப் பேணவும், நோய் தாங்கும் கன்றுகளை நடவும் இப்போது ஆலோசனை கூறப்படுகிறது. ஒரு மரத்தை வெட்டுவதா, வைத்துக்கொள்வதா என்பது தென்னை வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சிறிய கேள்வியன்று. ஆகவேதான், ஓலையில் பூஞ்சணத்தைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டுவிட்டோம் என்று யாரும் அவசரப்பட வேண்டாம் என்கிறோம்.

இனி நம் யோசனை. பிரான்சு நாட்டில் பட்டுப்புழுக்களைக் கருமிளகு தூவியது போன்ற புள்ளிநோய் அழித்துவந்த காலத்தில், அரசாங்கம் 1865-இல் பாஸ்டரை அனுப்பியது. முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார், முட்டை வடிவ வித்துக்கள் தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடு என்பதே அவர் கண்ட வழி. நுண்ணோக்கி படித்தவர் கருவி, குடியானவர் கையாள முடியாது என்று அங்கும் மறுப்பு எழுந்தது. பாஸ்டர் முட்டை உற்பத்தி செய்வோருக்கே அதைக் கற்றுக்கொடுத்தார். பட்டுத்தொழில் பிழைத்தது. நம் நாட்டுப் பட்டு வித்தகங்களில் இன்றும் தாய்ப் பூச்சியை அப்படித்தான் சோதிக்கிறார்கள்.

நம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் பாடத்துக்காகக் கூட்டு நுண்ணோக்கிகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம், சுற்று வட்டார விவசாயிகளின் மாதிரிகளைப் பார்ப்பதற்கு அவை பயன்பட வேண்டும் என்பதே நம் யோசனை. தலைமை ஆசிரியரின் சம்மதமும், கல்வித்துறையின் அனுமதியும் வேண்டும். ஆசிரியர்கள் ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்குகிறார்கள் என்பதை அறியாமல் பேசவில்லை. அதனால்தான், பார்ப்பவர் வேளாண்மைத் துறை அலுவலராகவோ பயிற்சி பெற்ற இளைஞராகவோ இருக்கட்டும் என்கிறோம். ஆசிரியர் கருவிக்குப் பாதுகாப்பாளராக மட்டும் இருந்தால் போதும். பார்த்தது சந்தேகமாக இருந்தால் முடிவு சொல்லாமல் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தென்னையாயின் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரைக் கலந்துகொள்ள வேண்டும். அரைகுறையாகப் பார்த்து மருந்தெழுதுவது, பாராமல் மருந்தெழுதுவதைவிடக் கெடுதல்.

பள்ளி இல்லாத இடத்தில் ஊராட்சியே வாங்கலாமா என்றால், மாணவர் வகை நுண்ணோக்கி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதைவிட எளியதும் உண்டு. மீரட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் மனு பிரகாஷ் என்பவரும் அவர் குழுவினரும் 2014-இல் காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி ஒன்றை வெளியிட்டார்கள். சட்டைப் பைக்குள் அடங்கும் அது 140 மடங்கு பெரிதாக்குகிறது. கைப்பேசியின் கண்ணோடு பொருத்திப் படம் எடுத்து அனுப்பவும் முடியும். லீவன்ஹுக் செய்ததைப் போலவே அதிலும் ஒரே ஒரு சிறு கண்ணாடி மணிதான்.

வாங்குவது எளிது, வைத்துக் காப்பது அவ்வளவு எளிதன்று. நாம் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் நல்ல நுண்ணோக்கி ஒன்று இருந்தது. கணக்கேட்டில் ஆண்டுதோறும் "சரிபார்க்கப்பட்டது" என்று பதிவாகி வந்தது. நாமும் ஓராண்டு கையெழுத்திட்டோம். மறு ஆண்டு பீரோவைத் திறந்து எடுத்துப் பார்த்தால், உள்ளே எதை வைத்தாலும் ஒரே சிலந்திவலை தெரிந்தது. இரண்டு மழைக்காலத்தையும் வாங்கும் நம் ஈரக் காற்றில், கண்ணாடியின் மேலேயே பூஞ்சணம் வளர்ந்திருந்தது. பூஞ்சணத்தைப் பார்க்க வாங்கிய கருவியைப் பூஞ்சணம் தின்றுவிட்டது! ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை பொட்டலத்தைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைத்தால் இந்தக் கதி நேராது. தினமும் எடுத்துப் பயன்படுத்தும் கருவிக்கு இது பெரும்பாலும் வருவதில்லை என்பதையும் கண்டிருக்கிறோம்.

மாதிரி கொண்டு வரும் முறையையும் கூறிவிடுகிறோம். முற்றும் காய்ந்த இலை வேண்டாம். நோய் தொடங்கும் இலையைக் காலை வேளையில் பறியுங்கள். நல்ல இலை ஒன்றையும் ஒப்பிடக் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வழியிலேயே அழுகி வேறு பூஞ்சணம் படரும், செய்தித்தாளில் சுற்றுங்கள். வயலின் பெயர், நட்ட தேதி, கடைசியாக என்ன மருந்து தெளித்தீர்கள் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். தெளித்ததை மறைக்க வேண்டாம்; யாரும் கோபிக்கப் போவதில்லை.

இதோ, இந்த மேசையில் மூன்று நுண்ணோக்கிகள் வைத்திருக்கிறோம். முதலாவதில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் ஒரு சிட்டிகை, போலராய்டுத் தகடுகளோடு இருக்கிறது. மேல் தகட்டைத் திருப்பிக்கொண்டே பாருங்கள். இரண்டாவதில் மார்த்தாண்டத்துத் தேனில் ஒரு சொட்டு. மூன்றாவதில் நேற்று மாலை ஓர் ஏலாவிலிருந்து எடுத்துவந்த நெல்லிலை. அது என்ன நோய் என்பதை நாம் சொல்லப் போவதில்லை, பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். தாய்மார்கள் முதலில் வரலாம். ஒரு கண்ணால் பார்க்கும்போது மறு கண்ணை இறுக மூட வேண்டாம். இரண்டையும் திறந்து வைத்தே பழகுங்கள், சற்று நேரத்தில் சரியாகிவிடும்.